பெட்டி நிரம்பினால் ஃபார்வர்டும் நின்றுபோகிறது: டவ்காட் கோட்டாவை எப்படி அமைப்பது?

பாரிமுனை_மெயில் கேட்டது:

வணக்கம். ராஜாஜி சாலைப் பக்கம் ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் அலுவலகத்தின் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். உபுண்டு 22.04, போஸ்ட்ஃபிக்ஸ் (மெயிலை வாங்கி அனுப்புவது), டவ்காட் 2.3 (பெட்டியில் சேர்த்து வைப்பது), சீவ் (பெட்டிக்கு வரும் மெயிலுக்கான ரூல் மொழி). மொத்தம் 18 பெட்டிகள், பெட்டிக்கு 5 ஜிபி கோட்டா (இட வரம்பு). மெயில் எல்லாம் மெயில்டிர் வடிவத்தில் இருக்கின்றன.

இம்போர்ட் பெட்டிதான் தலைவலி. டெலிவரி ஆர்டர், அரைவல் நோட்டீஸ், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் ஸ்கேன் செய்த பிடிஎஃப்பாக அதில்தான் வந்து விழும். ஒரு டெலிவரி ஆர்டர் திரும்பிப் போனால் கன்டெய்னர் யார்டிலேயே கிடக்கும், டெமரேஜ் (தாமதக் கட்டணம்) ஏறும். அதனால் பெட்டி நிரம்பினாலும் மெயில் தவறக் கூடாது என்று, சீவ் ரூலில் முதலாளியின் ஜிமெயிலுக்கு ஒரு காப்பி ஃபார்வர்டு ஆகும்படி வைத்திருக்கிறேன். இருந்தும்:

1. பெட்டி நிரம்பிய அன்று அனுப்பியவர்களுக்கு 552 5.2.2 (பெட்டி நிரம்பிவிட்டது) என்று திரும்பியது. ஜிமெயிலுக்கும் காப்பி போகவில்லை.

2. பெட்டியில் இடம் இருக்கும் நாட்களிலும் சில மெயில்களை ஜிமெயில் 550 5.7.26 என்று தள்ளிவிடுகிறது.

3. பழைய மெயில்களை அழித்த பிறகும் கோட்டா குறையவில்லை. சில கணினிகளில் அழிக்கவே முடியவில்லை, "கோட்டா எக்ஸீடட்" என்று வருகிறது.

கோட்டாவை 20 ஜிபி ஆக்குவது எளிது. ஆனால் அதற்குள் என்ன தவறு என்று புரிந்துகொள்ள வேண்டும். நிரம்பினால் உடனே திருப்பி அனுப்பாமல் தற்காலிகப் பிழை கொடுக்கும் அமைப்பு ஒன்று இருக்கிறதாமே, அதைப் போடலாமா?

கிண்டி_டவ்காட்:

முதல் கேள்விக்கான விடை உங்கள் சர்வரில் மெயில் எந்த வரிசையில் நடக்கிறது என்பதில் இருக்கிறது. அதைப் பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

வெளியிலிருந்து ஒரு சர்வர் வந்து, பெறுநர் முகவரியைச் சொல்கிறது. அந்த இடத்திலேயே போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட்டின் கோட்டா-ஸ்டேட்டஸ் சேவையைக் கேட்கிறது (பெரும்பாலான கையேடுகளில் 12340 போர்ட்). பெட்டி நிறைந்திருந்தால் அங்கேயே 552. மெயிலின் உடல் இன்னும் உள்ளே வரவில்லை. சீவ் ரூல் ஓடுவதோ அதற்குப் பின்னால், டவ்காட்டின் கையில் மெயில் கொடுக்கப்பட்ட பிறகு. வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்ட மெயிலை உள்ளே இருக்கும் ரூல் எப்படி ஃபார்வர்டு செய்யும்? ஆக, நிரம்பிய பெட்டிக்கு ஃபார்வர்டு மாற்று வழியே அல்ல. காப்பி வைக்காமல் வெறுமனே ரீடைரக்ட் மட்டும் போட்டிருந்தாலும் இதே கதிதான். பெட்டியில் ஒரு பைட்கூட சேரப்போவதில்லை என்பது வாசலில் நிற்கும் சேவைக்குத் தெரியாது.

சரி, வாசல் சோதனையை எடுத்துவிடலாமா என்றால், கூடாது. எடுத்துவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் மெயிலை வாங்கி வரிசையில் போடும், டவ்காட் மறுக்கும், அப்புறம் உங்கள் சர்வரே பவுன்ஸ் ("சேரவில்லை" என்ற மெயில்) எழுதி அனுப்பும். ஸ்பேமில் அனுப்புநர் முகவரி பொய்யாக இருக்கும். சம்பந்தமில்லாத யாருக்கோ அந்த பவுன்ஸ் போய், உங்கள் ஐபிதான் கெட்ட பெயர் வாங்கும்.

செய்ய வேண்டியது: ஃபார்வர்டை சீவிலிருந்து எடுத்து, போஸ்ட்ஃபிக்ஸின் விர்ச்சுவல் ஏலியஸ் மேப்பில் (எந்த முகவரிக்கு வருவது எந்த முகவரிகளுக்குப் போக வேண்டும் என்ற பட்டியல்) வையுங்கள். இம்போர்ட் என்ற முகவரியைப் பெட்டியாக வைக்காமல் ஏலியஸ் ஆக்குங்கள். பெட்டிக்கு வேறு பெயர் கொடுங்கள், உதாரணமாக இம்போர்ட்-ஸ்டோர். ஏலியஸ் வரியில் இரண்டு பெறுநர்கள்: இம்போர்ட்-ஸ்டோர், அப்புறம் வெளி முகவரி. இப்போது வாசலில் கேட்கப்படும் பெயர் ஏலியஸ். அந்தப் பெயரில் டவ்காட்டில் பயனர் கிடையாது. கோட்டா-ஸ்டேட்டஸின் நோயூசர் (அப்படிப் பயனர் இல்லை) பதில் "டன்னோ" (தடுக்கவில்லை) என்று இருக்கட்டும், மெயில் உள்ளே வரும். இரண்டு பெறுநர்களுக்கும் டெலிவரி தனித்தனியாக நடக்கும். பெட்டி நிரம்பினாலும் வெளிக் காப்பி போய்ச் சேரும்.

இதற்கு ஒரு விலை உண்டு. பெட்டி நிரம்பிய அன்று வெளிக் காப்பி போய்ச் சேர்ந்திருந்தும், பெட்டிக்கான பவுன்ஸ் அனுப்பியவருக்குப் போகும், "சேரவில்லை" என்று அவர் நினைத்துக்கொள்வார். நான் மேலே எச்சரித்த வரிசைக்குப் பிந்தைய பவுன்ஸும் இதுதான். எனவே இந்த ஒரு பெட்டி மட்டும் நிரம்பவே விடக் கூடாது. மற்ற 17 பெட்டிகளுக்கும் வாசல் சோதனை அப்படியே தொடரட்டும்.

மூன்றாவது கேள்வி. அழித்த மெயில் ட்ராஷ் ஃபோல்டருக்குப் போகிறது, ட்ராஷும் கோட்டாவில்தான் சேரும். பழைய மெயில் மென்பொருள்கள் "நகர்த்து" என்பதை, முதலில் ட்ராஷில் ஒரு நகல் போட்டு, பிறகு மூலத்தை அழிப்பதாகச் செய்கின்றன. பெட்டி முழுதாக நிறைந்திருந்தால் அந்த நகலுக்கு இடமில்லை. அதனால்தான் அழிக்கவே முடியாமல் பிழை வருகிறது. கோட்டா ரூல் 2 என்ற வரியில் ட்ராஷுக்குக் கூடுதலாக 500 எம்பி கொடுங்கள் (ட்ராஷ், ஸ்டோரேஜ், கூட்டல் குறியுடன் 500 எம்). கூட்டல் குறி முக்கியம். அதை விட்டுவிட்டால் ட்ராஷின் மொத்த எல்லையே 500 எம்பி ஆகிவிடும்.

இன்னொரு வகை: ஐமேப்பில் அழிப்பது என்பது முதலில் ஒரு அடையாளக் குறி மட்டுமே. எக்ஸ்பஞ்ச் செய்தால்தான் வட்டிலிருந்து போகும். யாராவது சர்வரில் நேரடியாக ஆர்எம் கட்டளையால் கோப்புகளை நீக்கியிருந்தால் கணக்கே தப்பாக நிற்கும். அப்போது டவ்அட்ம் (டவ்காட்டின் நிர்வாகக் கட்டளை) கோட்டா ரீகால்க் என்று அந்தப் பயனருக்கு ஓட்டுங்கள். எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க டவ்அட்ம் கோட்டா கெட்.

வட்டு அளவைப் பார்க்கும் டிஎஃப், டியூ கட்டளைகள் காட்டும் அளவும் கோட்டா காட்டும் அளவும் ஒத்துப்போகவில்லை என்று குழம்ப வேண்டாம். மெயில்களைச் சுருக்கி வைத்திருந்தாலும் டவ்காட் கணக்கில் எடுப்பது சுருக்கும் முன் இருந்த அளவை.

போர்ட்25:

மேலே சொன்னது எல்லாம் சரி. நான் டெம்ப்ஃபெயில் பத்தி மட்டும் சொல்றேன், ஏன்னா அதுலதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க.

கோட்டா_ஃபுல்_டெம்ப்ஃபெயில் போட்டா டவ்காட் 4-ல ஆரம்பிக்கிற பிழை கொடுக்கும். மெயில் திரும்பாது, வரிசையில நிக்கும். போஸ்ட்ஃபிக்ஸோட இயல்பான கணக்குப்படி 5 நாள் வரைக்கும் திரும்பத் திரும்ப முயற்சி பண்ணும். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த 5 நாளும் அனுப்பினவருக்கு ஒண்ணுமே தெரியாது. தாமத எச்சரிக்கை அனுப்புற அமைப்பு போஸ்ட்ஃபிக்ஸ்ல இயல்பா அணைஞ்சுதான் இருக்கும். ஷிப்பிங் லைன்காரர் "அனுப்பிட்டோம்"னு இருப்பார், நீங்க "வரலை"னு இருப்பீங்க, கன்டெய்னர் யார்டுல இருக்கும். உடனே 552 போனா அவர் போனை எடுத்துக் கூப்பிடுவார். டெலிவரி ஆர்டர் மாதிரி நேரம் முக்கியமான மெயிலுக்கு உடனடி மறுப்புதான் நல்லது. வார இறுதியில யாரும் பாக்காத பெட்டி, நியூஸ்லெட்டர் பெட்டி, அந்த மாதிரி இடத்துல வேணா டெம்ப்ஃபெயில் வச்சுக்கோங்க.

லாக்ல 452 4.3.1னு பாத்தா அது வேற நோய். அது பெட்டி இல்ல, சர்வர் வட்டே நிரம்பிடுச்சு. மெசேஜ் சைஸ் லிமிட்டைப் போல ஒன்றரை மடங்கு இடம் வட்டுல காலியா இல்லைன்னா போஸ்ட்ஃபிக்ஸ் எல்லாருக்கும் வர்ற மெயிலை நிறுத்திடும். மெயில்டிர்ல ஒரு மெயிலுக்கு ஒரு கோப்பு, அதனால ஜிபி இருந்தும் ஐநோட் (கோப்பு ஒவ்வொண்ணுக்கும் வேண்டிய பதிவு இடம்) தீந்து போகலாம். டிஎஃப் கட்டளையை சின்ன ஐ போட்டும் ஒரு தடவை பாருங்க.

மெசேஜ் சைஸ் லிமிட் இயல்பா 1,02,40,000 பைட்தான், 10 எம்பிகூட முழுசா கிடையாது. அதை ஏத்தறப்போ மெயில்பாக்ஸ் சைஸ் லிமிட், விர்ச்சுவல் மெயில்பாக்ஸ் லிமிட் ரெண்டையும் பாத்துக்கோங்க. ரெண்டுமே இயல்பா 5,12,00,000 பைட். மெசேஜ் லிமிட் அதைத் தாண்டினா "ஃபேட்டல்"னு எழுதிட்டு டெலிவரி நின்னுடும். பேரைப் பாத்து இது மொத்தப் பெட்டிக்கான கோட்டான்னு நினைச்சுடாதீங்க. மெயில்டிர்ல அது ஒரு தனிக் கோப்போட எல்லை, அவ்வளவுதான். மொத்தப் பெட்டிக் கணக்கு டவ்காட் கையிலதான் இருக்கு.

அம்பத்தூர்_லினக்ஸ்:

550 5.7.26 பற்றி நான் சொல்கிறேன். ஜிமெயிலின் மொழியில் அதற்கு "அனுப்பியவர் யார் என்று உறுதியாகவில்லை" என்று பொருள்.

ஷிப்பிங் லைன் அனுப்பிய மெயிலை நீங்கள் மறுபடி அனுப்பும்போது உறைமேல் இருக்கும் அனுப்புநர் முகவரி (சர்வர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது, ஃப்ரம் வரி அல்ல) அவர்களுடையது, ஐபி உங்களுடையது. அவர்களின் எஸ்பிஎஃப் பட்டியலில் (அவர்கள் பெயரில் அனுப்ப அனுமதி பெற்ற சர்வர்கள்) உங்கள் ஐபி இல்லை. அதனால் எஸ்பிஎஃப் தோற்கும். டிகிம் கையெழுத்து (அனுப்பிய டொமைன் இடும் டிஜிட்டல் கையெழுத்து) மெயிலோடு ஒட்டியே வருவதால் அது பிழைத்துக்கொள்ளும், மெயிலின் ஒரு எழுத்தைக்கூட நீங்கள் மாற்றாமல் இருந்தால். பல அலுவலகங்களில் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்: தலைப்பில் "வெளி மெயில்" என்று ஒரு சொல் சேர்ப்பது, அடியில் டிஸ்க்ளெய்மர் ஒட்டுவது, ஆன்டிவைரஸ் தன் வரியைச் சேர்ப்பது. இவற்றில் ஏதாவது ஒன்று நடந்தாலும் டிகிம் உடைந்துபோகும். எஸ்பிஎஃப்பும் இல்லை, டிகிமும் இல்லை, அனுப்பிய டொமைனின் டிமார்க் (இரண்டும் தோற்றால் என்ன செய்ய வேண்டும் என்ற அறிவிப்பு) "ரிஜெக்ட்" என்று சொல்கிறது என்றால் ஜிமெயில் தள்ளத்தான் செய்யும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு அனுப்பும் எல்லோருக்குமே எஸ்பிஎஃப் அல்லது டிகிம் கட்டாயம்.

அதனால் முதல் வேலை, ஃபார்வர்டு ஆகும் பாதையில் மெயிலைத் தொடும் எல்லாவற்றையும் நீக்குவது. இரண்டாவது, போஸ்ட்எஸ்ஆர்எஸ்டி நிறுவுவது. அது உறைமேல் உள்ள அனுப்புநரை உங்கள் டொமைனுக்கு மாற்றி எழுதும், இதற்கு எஸ்ஆர்எஸ் என்று பெயர். எஸ்ஆர்எஸ்0 என்று தொடங்கி, ஒரு ஹேஷ், நேர முத்திரை, பழைய டொமைன், பழைய பெயர் என்று நீண்ட முகவரி வரும். பவுன்ஸ் வந்தால் அதைப் பிரித்து மூல அனுப்புநருக்கே சேர்க்கும். போஸ்ட்ஃபிக்ஸில் சென்டர் கனோனிகல் கிளாஸஸ் என்பதில் என்வலப் சென்டர் மட்டும் இருக்கட்டும். இல்லையென்றால் ஃப்ரம் வரியையும் மாற்றி எழுதிவிடும், அதோடு டிகிமும் போகும்.

ஆனால் எஸ்ஆர்எஸ் போட்டதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம். அதனால் எஸ்பிஎஃப் தேறுவது உங்கள் டொமைனுக்கு. டிமார்க் பார்ப்பது ஃப்ரம் வரியில் இருக்கும் டொமைனை. இரண்டும் பொருந்தாததால் டிமார்க்குக்கு இன்னும் டிகிம் ஒன்றுதான் துணை. 2019இல் ஆர்எஃப்சி 8617ஆக வந்த ஆர்க் முத்திரையையும் (இடையில் கடத்தும் சர்வர் தன் சோதனை முடிவைப் பதிந்து வைப்பது) ஆர்ஸ்பேம்டி என்ற ஸ்பேம் வடிகட்டி மூலம் சேர்க்கலாம். அதை ஏற்பதும் ஏற்காததும் பெறும் சர்வரின் விருப்பம்.

ஸ்பேமை ஃபார்வர்டு செய்யவே கூடாது. ஜிமெயிலின் பார்வையில் அதை அனுப்பியது நீங்கள்தான். ஏலியஸ் விரிவது சீவுக்கு முந்தைய கட்டம், அங்கே சீவ் வடிகட்டி உதவாது. எனவே ஸ்பேமை வாசலிலேயே மறுக்க வேண்டும். ஆர்ஸ்பேம்டியின் இயல்பான மறுப்பு எல்லை 15 புள்ளி. வெளிக்கு ஃபார்வர்டு ஆகும் முகவரிகளுக்கு மட்டும் அதை 10 அளவுக்கு இறக்குங்கள், சில நாள் லாக்கைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.

உண்மையில் நான் வெளி ஃபார்வர்டையே எடுத்துவிடச் சொல்வேன். முதலாளிக்குப் போனில் மெயில் பார்க்க வேண்டும், அவ்வளவுதானே? ஜிமெயில் செயலியிலேயே ஐமேப் கணக்காக அந்தப் பெட்டியைச் சேர்த்துவிடலாம். மெயில் எங்கும் போகாது, பவுன்ஸும் இல்லை. இலவச ஜிமெயிலின் 15 ஜிபி டிரைவுக்கும் ஃபோட்டோஸுக்கும் சேர்த்துத்தான். போட்டோவால் அது நிரம்பிய நாளில் ஜிமெயில் மறுக்கும். எஸ்ஆர்எஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த பவுன்ஸ் கடைசியில் ஷிப்பிங் லைனுக்குத்தான் போகும், முதலாளியின் சொந்த முகவரியைத் தாங்கியபடி.

பாரிமுனை_மெயில்:

மிக்க நன்றி. டிஸ்க்ளெய்மர் ஒட்டும் மில்டர் (மெயில் வடிகட்டி) ஒன்று வரும் மெயில்களையும் தொட்டுக்கொண்டிருக்கிறது, லாக்கில் இப்போதுதான் கவனித்தேன். வெளி ஃபார்வர்டை நீக்கிவிட்டு ஐமேப் கணக்காக மாற்ற முதலாளியும் ஒப்புக்கொண்டார்.

மீதி ஒன்று: "நிரம்பவே விடக் கூடாது" என்றால் எப்படி? எச்சரிக்கை மெயில் 95 சதவீதத்தில் வைத்திருக்கிறேன். ஒரு முறை வந்தது, பிறகு வரவே இல்லை. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 40 மெயில், ஒவ்வொன்றிலும் 6 எம்பி பிடிஎஃப்.

கிண்டி_டவ்காட்:

வெளி ஃபார்வர்டு போய்விட்டதால் ஏலியஸ் வேலையும் தேவையில்லை. இம்போர்ட் சாதாரணப் பெட்டியாகவே இருக்கட்டும், வாசல் சோதனையோடு.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். இணைப்பு மெயிலில் பேஸ்64 ஆக (எழுத்து வடிவமாக) ஏறும்போது ஏறத்தாழ 37 சதவீதம் பெருகும். 6 எம்பி கோப்பு 8.2 எம்பி ஆகிறது. நாளுக்கு 40 என்றால் 328 எம்பி. 5 ஜிபி பெட்டிக்கு 15 நாள் ஆயுள். 20 ஜிபி ஆக்கினால் இரண்டு மாதம், அதற்கு மேல் இல்லை. கோட்டாவை ஏற்றுவது நாளைத் தள்ளிப்போடும் வேலை மட்டுமே.

பெருக்கத்தின் மூலம் ஸ்கேனரில் இருக்கிறது. ஏ4 தாளை 300 டிபிஐ வண்ணத்தில் ஸ்கேன் செய்தால், சுருக்கும் முன் ஒரு பக்கம் 26 எம்பி. அதே தாள் 200 டிபிஐ கிரேஸ்கேலில் 4 எம்பிக்கும் குறைவு. கிட்டத்தட்ட ஏழில் ஒரு பங்கு. முத்திரையும் கையெழுத்தும் தெளிவாகவே தெரியும். வெளியிலிருந்து வருவதை நீங்கள் கட்டுப்படுத்த முடியாது. ஆனால் உங்கள் ஆட்கள் அதே கோப்பை வைத்து பதில் அனுப்புகிறார்கள், அது சென்ட் ஃபோல்டரில் இன்னொரு முறை சேர்கிறது. அங்கிருந்து தொடங்குங்கள்.

எச்சரிக்கை பற்றி: டவ்காட் அந்த எல்லையைக் கடக்கும் கணத்தில் மட்டும்தான் எச்சரிக்கும். 96 சதவீதத்தில் ஒரு மாதம் நின்றாலும் மறுபடி சொல்லாது. 95, 80 என்று இரண்டு வையுங்கள், பெரிய எண்ணை முதலில் எழுதுங்கள், ஏனென்றால் பொருந்தும் முதல் வரி மட்டுமே ஓடும். சதவீதக் குறியை இரட்டித்து எழுத மறக்க வேண்டாம். இதை மட்டும் நம்பாமல், தினமும் காலை 9 மணிக்கு கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டுவது) டவ்அட்ம் கோட்டா கெட்டை பெரிய ஏ போட்டு எல்லாப் பயனருக்கும் ஓட்டி, 80ஐத் தாண்டியவற்றை உங்களுக்கு அனுப்பச் செய்யுங்கள். பயனர் பட்டியல் எஸ்க்யூஎல்லில் (தரவுத்தளத்தில்) இருந்தால் எல்லாப் பயனரையும் பட்டியலிடும் இடரேட் க்வெரி எழுதியிருக்க வேண்டும், இல்லையென்றால் பெரிய ஏ வேலை செய்யாது.

பழையதை வெளியேற்ற: ட்ராஷுக்கும் ஜங்க்குக்கும் ஆட்டோஎக்ஸ்பஞ்ச் 30 நாள். இன்பாக்ஸுக்கு ஒருபோதும் போடாதீர்கள். கம்பெனி சட்டம் 2013இன் 128ஆம் பிரிவுப்படி கணக்கு ஆவணங்கள் 8 நிதியாண்டு இருக்க வேண்டும். ஜிஎஸ்டிக்கு ஆண்டு ரிட்டர்ன் கெடுவிலிருந்து 72 மாதம். இன்வாய்ஸ் மெயிலில் மட்டுமே இருக்கிறது என்றால் அந்த மெயில்தான் ஆவணம். 90 நாளுக்கு மேற்பட்டதை டவ்அட்ம் மூவ் மூலம் ஆர்க்கைவ் நேம்ஸ்பேஸுக்கு நகர்த்துங்கள். நகர்த்தும் முன் அதே நிபந்தனையோடு டவ்அட்ம் சர்ச் ஓட்டி எத்தனை வருகிறது என்று பாருங்கள். ஆர்க்கைவ் அதே கோட்டா கணக்கில் இருந்தால் நகர்த்தியும் ஒரு எம்பிகூடக் குறையாது. கோட்டா ரூலில் அதற்கு "இக்னோர்" கொடுக்க வேண்டும். விலை குறைந்த தனி வட்டில் வைத்து, அதையும் பேக்கப்பில் சேருங்கள்.

ஒரு வார்த்தை: டவ்காட் 2.4க்குப் போகும்போது இந்த கோட்டா வரிகளின் பெயர்கள் மாறிவிட்டன, 2.3 கான்ஃபிக்கை அது ஏற்காது. சர்வரை அப்கிரேடு செய்யும் நாளில் இதற்கென்று நேரம் ஒதுக்குங்கள்.

போர்ட்25:

ஃபார்வர்டை எடுக்கறப்போ அதோட மத்த பெட்டியிலயும் பாத்துடுங்க சார். பாஸ்வேர்டு திருடினவன் முதல்ல செய்யறது ஒரு மறைவான ரீடைரக்ட் ரூல் போடறதுதான். இன்வாய்ஸ் வர்ற ஆபீஸ்னா வங்கிக் கணக்கு எண்ணை மாத்தி பொய் மெயில் அனுப்ப அதுவே போதும். பாஸ்வேர்டு மாத்தினாலும் அந்த ரூல் அப்படியே இருக்கும். எல்லா யூசரோட சீவ் ஸ்கிரிப்ட்லயும் "ரீடைரக்ட்"ங்கற சொல்லை கிரெப் பண்ணுங்க (தேடுங்க), விர்ச்சுவல் ஏலியஸ் மேப்பையும் பாருங்க, ஹோம் டைரக்டரியில புள்ளி ஃபார்வர்டு கோப்பு இருந்தா அதையும். லாக்ல "ஃபார்வர்டட் டு"ன்னு தேடுனா எது எங்க போயிருக்குன்னு தெரியும். வெளி ரீடைரக்ட் யாருக்கும் வேண்டாம்னா சீவ் மேக்ஸ் ரீடைரக்ட்ஸை, இயல்பா 4, 0 ஆக்கிடுங்க.

லாக் எவ்வளவு நாள் வச்சிருக்கீங்க? உபுண்டுல இயல்பா 4 வாரம்தான். 2022 ஏப்ரல் 28 செர்ட்-இன் (இந்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு) உத்தரவுப்படி 180 நாள் வச்சிருக்கணும். லாக்ரொட்டேட்ல வாராந்திரம், 26ன்னு போட்டா 182 நாள்.

கடைசியா, எல்லாம் போட்டதும் சோதிச்சுப் பாருங்க. ஒரு சோதனைப் பயனருக்கு 1 எம்பி கோட்டா கொடுங்க. ரெண்டு மூணு மெயில்ல நிரப்புங்க. கோட்டா கிரேஸ்னு ஒண்ணு இயல்பா 10 சதவீதம் இருக்கு, அதனால கடைசி மெயில் கொஞ்சம் தாண்டியும் உள்ள வரலாம், பயப்படாதீங்க. அப்புறம் வெளி சர்வர்லேர்ந்து ஸ்வாக்ஸ் (சோதனை மெயில் அனுப்பற கருவி) வச்சு ஒரு மெயில் விடுங்க. லாக்ல "நோக்யூ: ரிஜெக்ட்"னு 552 வந்தா வாசல் சோதனை வேலை செய்யுது. "ஸ்டேட்டஸ்=பவுன்ஸ்டு"ன்னு வந்தா மெயில் உள்ள வந்து வரிசையில ஏறின பிறகுதான் திரும்புது, பாலிசி சர்வீஸ் வரி (கோட்டா-ஸ்டேட்டஸைக் கேக்கறது) மெயின் கோப்புல ரெசிபியன்ட் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்ல சரியான இடத்துல இருக்கான்னு பாருங்க: ரிஜெக்ட் அன்ஆத் டெஸ்டினேஷனுக்கு அப்புறம் வரணும், அதுக்கும் முன்னாடி எங்கயாவது வெறும் "பெர்மிட்" வந்தா கீழ இருக்கறது எதுவும் ஓடாது.